தேயிலை மலையில் ஒரு தவணை விடுமுறை

விடுமுறை என்பது வேலை செய்யாதிருக்கும் காலம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆசிரியத் தொழிலைப் பொறுத்தவரை இக்கருத்து ஏளனமாகவும் வடிவெடுப்பதுண்டு. “உங்களுக்கென்ன, வருடத்திற்கு மூன்று விடுமுறை” என்னும் வாசகத்தைக் கேட்டிராத ஆசிரியர் நம் நாட்டில் அரியர். சித்திரையில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று, மார்கழியில் ஒன்று எனத் தவணைகளுக்கிடையே வரும் இவ்விடைவேளைகளை ஆசிரியருக்கு அரசு வழங்கிய சலுகையாகவே ஊரார் எண்ணுகின்றனர். மாணவராகிய நாமும் அவ்வாறே எண்ணி வந்திருக்கிறோம்.

விடுமுறையின் பயன் இரண்டு எனலாம். ஒன்று, இளைத்த உடலும் குரலும் தேறுதல். மற்றது, கற்பித்ததைத் திரும்பிப் பார்த்தல். இவை தனித்தனியானவை போலத் தோன்றினும் உண்மையில் அவ்வாறல்ல. களைத்தவனால் சிந்திக்க இயலாது. சிந்திக்க ஒன்றுமில்லாதவனுக்கு ஓய்வும் வெறும் சோம்பலாகவே கழியும். இக்கருத்தை நான் நூலிலிருந்து பெறவில்லை. கடந்த ஓகஸ்ட் விடுமுறையில், மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலுள்ள எங்கள் வீட்டில், ஆசிரியையான என் அக்காவைப் பார்த்துப் பெற்றேன். அந்தப் பத்து நாட்களைப் பற்றியதே இக்கட்டுரை.

ஊவா மாகாணத்தில், பதுளைக்குக் கிழக்கே, பசறையைத் தாண்டி மலையேறிச் சென்றால் மடுல்சீமை வரும். பட்டாவத்தை, றோபேரி, கொக்காகலை முதலிய தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம் அது. விடுமுறை நாட்களில் பிட்டமாருவைப் பக்கத்து மலை விளிம்பைக் காண வெளியூர் இளைஞர் கூடாரங்களோடு வந்து சேர்கின்றனர். அவ்விளிம்புக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் “சிறிய உலக முடிவு”. உலகம் முடியுமிடத்தைப் பார்க்க அவர்கள் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ உலகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அதைத் தொடக்கி வைக்கும் பொறுப்பைத் தோட்டப் பாடசாலையே ஏற்க வேண்டியுள்ளது.

இப்பாடசாலைகளின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்தல் இவ்விடத்திற் பொருத்தமாகும். கிராமப் பாடசாலைகளுக்கான 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்தியது. ஆயினும் நடைமுறையில், லயக் காம்பராவொன்றோ கொட்டகையொன்றோ பாடசாலையாகவும், ஓரளவு எழுத வாசிக்கத் தெரிந்த கங்காணியோ கணக்கப்பிள்ளையோ ஆசிரியராகவும் அமைந்த இடங்கள் பல. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் தோட்டத்தை முறையாக எட்டவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1972 முதல் 1975 வரையான காணிச் சீர்திருத்தத்தின் வழியே தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதி தொடங்கிப் படிப்படியாக அவை தேசியக் கல்வி முறையினுள் வந்தன. நாட்டின் ஏனைய பாடசாலைகளோடு ஒரே ஓட்டத்திற்கு நாங்கள் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டே ஆகின்றது.

அக்கா இவ்வரலாற்றின் பிற்காலத்தைச் சேர்ந்தவர். உயர்தரம் சித்தியடைந்தபின், 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளருள் ஒருவராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா மட்டுமே. பின்னர் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயின்று ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டார். எங்கள் வீட்டிலிருந்து அவருடைய பாடசாலை மூன்று மைல் மேலே, வேறொரு தோட்டத்தின் மேற்பிரிவில் இருக்கிறது. பஸ் வந்தால் பஸ். வராவிட்டால் கொழுந்து லொறி செல்லும் மண் பாதையில் நடை. பாடசாலை தரம் 9 வரை உள்ளது. நீண்ட மண்டபம் ஒன்று. தடுப்புச் சுவர் கிடையாது. அதில் ஒரு மூலையில் தரம் 4, மறுமூலையில் தரம் 5. இரண்டுக்கும் அக்காவே ஆசிரியை. இடையில் வேறொருவர் தரம் 3இற்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

முன்னர் ஒரு மாதத்தை அண்மித்திருந்த ஓகஸ்ட் விடுமுறை, 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் பாடசாலை நாட்காட்டி குழம்பியதிலிருந்து சுருங்கிவிட்டது. கடந்த முறை எங்கள் பகுதியிற் கிடைத்தது பத்து நாளளவே. அவற்றுள் முதல் மூன்று நாட்களை அக்கா உறங்கியே கழித்தார். நான் பல்கலைக்கழகத்திலிருந்து புத்தகப் பொதியோடு வந்திருந்தேன். அவரோடு பேச எவ்வளவோ இருந்தது. ஆனால் அவருக்குக் குரலே இல்லை. தடுப்பற்ற மண்டபத்தில் மூன்று வகுப்புகளின் இரைச்சலுக்கு மேலாக நான்கு மாதம் பேசியதால் தொண்டை கட்டியிருந்தது. அம்மா மல்லியும் இஞ்சியும் கொதிக்கவைத்துக் கொடுத்தார். அவரை எழுப்பப் போன என்னைப் பார்த்து அம்மா சொன்னது இது: “விடு தங்கச்சி, தூங்கட்டும். கவ்வாத்து வெட்டுன மலையில ஒடனே கொழுந்து கேக்கலாமா?”

அம்மா முப்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்துவதே கவ்வாத்து. வெட்டிய செடியில் இலையே இராது. பார்ப்பவர் பட்டுப்போயிற்றென்றே நினைப்பர். வேரிலே சேமித்து வைத்த மாச்சத்தைக் கொண்டே அது மறுபடியும் துளிர்க்கிறது. அச்சேமிப்பு இல்லாத செடி கவ்வாத்துக்குப் பின் மீளாது. ஆகவே ஓய்வு என்பது செடியின் சோம்பல் அன்று, அதன் வேலையின் ஒரு பகுதி. தாவரவியலார் நூலில் எழுதியிருப்பதை அம்மா ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். ஆசிரியரின் ஓய்வைப் பற்றி இதனினும் தெளிவான விளக்கத்தை நான் இன்னும் வாசிக்கவில்லை.

நான்காம் நாள் அக்கா தவணைப் பரீட்சை விடைத்தாள்களை எடுத்து இஸ்தோப்பில் அமர்ந்தார். புள்ளிகள் முன்னரே இடப்பட்டிருந்தன. அவர் பார்த்தது புள்ளிகளை அல்ல, தவறுகளை. ஒரே வகையான தவறுகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டுகளாக வைத்தார். தரம் 5 கணித வினாத்தாளில் ஒரு கணக்கு: வியாபாரி ஒருவர் 24 கிலோ 500 கிராம் அப்பிள் வாங்கினார், அதில் 1 கிலோ 750 கிராம் பழுதாயிற்று, எஞ்சியது எவ்வளவு? வகுப்பிற் பாதிப்பேர் 23 கிலோ 250 கிராம் என எழுதியிருந்தனர். 500இலிருந்து 750ஐக் கழிக்க இயலாதென்று கண்டு, 750இலிருந்து 500ஐக் கழித்துவிட்டனர். கடன் வாங்கிக் கழித்தல் இரண்டு ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட பாடம். “எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்” என்று அவர் வருந்தவில்லை. “இவங்களுக்கு இது ஏன் வரல்ல?” என்று மட்டும் கேட்டார். கேள்வி என்னை நோக்கியதன்று; தம்மை நோக்கியதே.

விடை அன்று மாலையே கிடைத்தது. அந்தி நிறுவைக்குக் கொழுந்து கொண்டுவரும் அயல்வீட்டுப் பெண்ணுக்கு உதவியாக அக்காவும் நானும் மடுவத்திற்குச் சென்றோம். தாய்மாருக்குக் கூடை இறக்க வந்த பிள்ளைகள் பலர் அங்கு நின்றனர். அவர்களுள் அக்காவின் தரம் 5 மாணவி ஒருத்தி. அந்த 23 கிலோ 250 கிராமை எழுதியவர்களுள் ஒருத்தி. அவளுடைய தாய்க்கு அன்று காலை நிறுவையில் 7 கிலோ, பகல் நிறுவையில் 8 கிலோ, அந்தியில் ஆறரைக் கிலோ. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்குமாக ஒரு கிலோ கழிக்கப்படும். அத்தோட்டத்தில் ஒரு முழுப்பேருக்கு 18 கிலோ வேண்டும், குறைந்தால் அரைப்பேர், கூடினால் கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும் மேலதிகக் கொடுப்பனவு. கணக்கு எழுதுபவர் பேனாவை எடுக்குமுன்னரே சிறுமி சொன்னாள்: “அம்மா, பதினெட்டரை. அரைக் கிலோ கூட.”

அக்கா ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில் மட்டும், “அவளுக்குக் கழித்தல் தெரியும் தங்கச்சி. அப்பிள்தான் தெரியாது” என்றார்.

இது வேடிக்கையான சம்பவமாகத் தோன்றலாம். ஆனால் கல்வியியல் பயிலும் நண்பர்கள் இதன் கருத்தை உணர்வர். அப்பிள் வியாபாரியின் கணக்கில் விடை தவறினால் யாருக்கும் ஒன்றும் நேராது. மடுவத்துக் கணக்கு தவறினால் வீட்டில் அரை நாட்கூலி குறையும். பொருளுள்ள இடத்தில் மனம் கூர்மையடைகிறது. பொருளற்ற இடத்தில் விதியை மட்டும் தேடித் தடுமாறுகிறது. பிள்ளையிடம் இல்லாதது அறிவு அன்று. அவளுடைய அறிவுக்கும் பாடநூலுக்கும் இடையே பாலம்தான் இல்லை.

மறுநாள் முதல் அக்கா பழைய கொப்பியொன்றில் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். நானும் உடன் சென்றேன். லய வாசலில், பீலிக்கரையில், பிள்ளைக் காம்பராவில், மலையில் பேசப்படும் சொற்கள்: படங்கு, மட்டக்கம்பு, பெரட்டு, தொங்கல், தவறணை, நிரை. தமிழ்ச் சிறப்புக் கற்கும் எனக்கு இப்பணி பெருமகிழ்ச்சி தந்தது. ‘தவறணை’ என்று எங்கள் தோட்டங்களிற் கூறப்படுவது தேயிலை நாற்றுமேடை. நான் முதலாண்டில் விடுதியில் இச்சொல்லைப் பயன்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோழியர் சிரித்தனர். அவர்களூரில் தவறணை என்பது கள்ளு விற்கும் இடமாம். ஒரே நாட்டில், ஒரே மொழியில், ஒரு சொல் இரண்டு உலகங்களைக் காட்டுகிறது. பாடநூலிலோ பனங்கூடல் உண்டு; கடற்கரை உண்டு; எங்கள் தவறணை இல்லை.

‘நிரை’ என்னும் சொல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பெண்ணும் மலையில் தனக்கென ஒரு வரிசையைப் பிடித்துக் கொழுந்தெடுப்பதை ‘நெரை பிடிக்கிறது’ என்பர். பேச்சில் நெரை, ஏட்டில் நிரை. பண்டைய புறத்திணையில் வெட்சியார் கவர்ந்ததும் ஆநிரையே. நம் கணித நூல்களில் அட்டவணையின் கிடை வரிசைக்கும் நிரை என்றே பெயர். செங்குத்து வரிசை நிரல். கொழுந்து பறிக்கும் தாயின் வாயிலும், இலக்கண நூலிலும், உயர்தரக் கணித வகுப்பின் தாயத்திலும் ஒரே சொல் வாழ்கிறது. அக்காவுக்கு நான் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. “அப்ப பெருக்கலை மலையில இருந்தே தொடங்கலாம்” என்றார். எட்டு நிரை, நிரைக்குப் பன்னிரண்டு செடி, மொத்தம் எத்தனை? இக்கணக்குக்குப் படம் வேண்டாம், சன்னல் போதும்.

நான் கொண்டுவந்த நூல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூசிலாந்தில் மயோரி இனச் சிறார்க்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வோர்னர், 1963இல் வெளியிட்ட ‘ஆசிரியர்’ என்ற நூலில், குழந்தையின் மனத்திலிருந்து வரும் சொல்லையே அதன் முதல் வாசிப்புச் சொல்லாக அட்டையில் எழுதிக் கொடுத்ததை விவரிக்கிறார். அதே 1963இல் வடகிழக்குப் பிறேசிலின் அங்ஜிகோஸ் நகரில் பாவ்லோ பிரெய்ரே, ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து தெரிந்தெடுத்த சொற்களைக் கொண்டே சுமார் 40 மணித்தியாலங்களில் எழுத்தறிவூட்டினார். அடுத்த ஆண்டு இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலிட்டது என்பதிலிருந்தே எழுத்தறிவின் வலிமையை உணரலாம். குஜராத்தியரான கிஜுபாய் பதேக்கா 1930களின் தொடக்கத்தில் எழுதி, ‘பகற்கனவு’ என்று தமிழிலும் வந்துள்ள நூலில், தரம் 4 வகுப்பொன்றைக் கதை சொல்லியே வசப்படுத்தும் ஆசிரியரைக் காண்கிறோம்.

அக்கா மூன்றையும் பற்றி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். பகற்கனவை இரண்டு இரவில் வாசித்தும் முடித்தார். பிறகு கேட்டார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த டீச்சர்மாருக்கு ஸ்கொலர்ஷிப் சோதனை இருந்துச்சா?” நான் விடை சொல்ல முடியவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எங்கள் பிள்ளைகளுக்கு மலையிலிருந்து இறங்கிப் பெரிய பாடசாலைக்குச் செல்லும் ஒரே படிக்கட்டு. அதன் வினாத்தாளில் அப்பிள் வியாபாரிதான் வருவார், மடுவம் வராது. நூலறிவோடு ஊருக்குத் திரும்பும் நம்போன்றோர் இத்தகைய கேள்விகளை மதித்தல் வேண்டும். வகுப்பறையின் நெருக்கடி அறியாத கல்விக் கோட்பாடு நிழல் தராத மரமாகவே நிற்கும்.

இதனினும் கடுமையான கேள்வியொன்று ஏழாம் நாள் வந்தது. பெற்றோர் சிலரிடம் அக்கா தம் எண்ணத்தைச் சொன்னபோது, தந்தையொருவர் சற்றுக் கோபத்துடனேயே கூறினார்: “டீச்சர், கொழுந்தப் பத்திப் படிக்கவா நாங்க புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறோம்? அதத்தான் நாங்க தலைமுறை தலைமுறையாப் படிச்சிட்டோமே.”

அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் நூறாண்டு வரலாறு நிற்கிறது. தோட்டப் பிள்ளைக்குத் தோட்டத்துக்கு வேண்டிய அளவு கல்வி போதும் என்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. பத்து வயதோடு நின்றுவிடும் கல்வி அவ்வெண்ணத்தின் சட்ட வடிவமே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம் முன்னோரின் குடியுரிமையைப் பறித்தபின், படித்து எங்கே போவது என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது. இன்று பெற்றோர் பிள்ளைகளைத் தேயிலையிலிருந்து வெளியேற்றவே பாடசாலையை நம்பியிருக்கின்றனர். அப்பாடசாலையே கொழுந்துக் கூடையைக் கரும்பலகையில் வரைந்தால் அவர்களுக்கு அச்சம் எழாதா? பிள்ளையின் சூழலிலிருந்து கற்பித்தல் வேண்டும் என்று கூறும் கல்வியியலார், அச்சூழலே சிறையாக இருந்த மக்களுக்கு இதன் பொருள் என்ன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்கா அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. மறுநாட் காலை ஒரு தாளில் கோடு வரைந்து என்னிடம் காட்டினார். கோட்டின் ஒரு முனையில் தேயிலைச் செடி. மறுமுனையை வெறுமையாக விட்டிருந்தார். “தொடங்குறது இங்க. ஆனா பாடம் இங்க முடியக் கூடாது” என்றார். பின்னர் அக்கோட்டின் வழியே பாடங்களை அடுக்கினோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது: வகுத்தல். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட கச்சான் காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலை தன் தனிமணத்தைப் பெறுகிறது. கொழுந்து குறைந்தாலும் மதிப்பு உயர்கிறது: புவியியல். தேயிலை ஏலம் கொழும்பில் முதன்முதல் 1883இல் நடைபெற்றது. அங்கிருந்து அது கடல் கடக்கிறது: வரலாறும் உலகப் படமும். கடையிற் பெட்டி என்ன விலை, பறித்த கைக்கு என்ன கூலி: சதவீதம், கூடவே குடியியலும். 2014 ஒக்டோபர் 29இல் இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை முன்வைத்து, மழை, சரிவு, வேர், வடிகான் ஆகியன: விஞ்ஞானம். மலையிற் பிறந்த பிள்ளைக்கு இவ்வறிவு உயிர்காப்பும் ஆகும்.

செடியிலிருந்து தொடங்கிய கோடு இவ்வாறு கப்பலேறிச் சென்றது. கொழுந்தைப் பற்றிப் படித்தல் வேறு. கொழுந்தின் வழியாக உலகத்தைப் படித்தல் வேறு. முன்னது பிள்ளையைக் கூடைக்குள் வைக்கும். பின்னது கூடை ஏன் அவள் தாயின் தலையில் தொங்குகிறது என்று கேட்கச் செய்யும். அந்தத் தந்தைக்கு இதுவே விடை என்று எனக்குத் தோன்றியது. அவரை நேரிற் கண்டு அக்கா விளக்கியபோது, “அப்பிள் கணக்கும் செய்வாங்கதானே?” என்று அவர் உறுதி கேட்டுக்கொண்டார். செய்வார்கள் என்று அக்கா வாக்களித்தார். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் முதற் கணக்கு மடுவத்தில், இரண்டாவது கடையில், மூன்றாவது பரீட்சைத் தாளில் என்று ஒழுங்கு அமைந்தது.

எஞ்சியது இரண்டு வகுப்புகளை ஒருங்கே நடத்தும் சிக்கல். இதற்கும் தமிழ் மண்ணிலேயே பழையதொரு முன்னுதாரணம் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பாடசாலையை நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், அயலிலிருந்த நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையையும், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பாடசாலையிற் கையாண்டு, 1797இல் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. அண்மைக் காலத்தில், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 முதல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலும், பல தரத்துப் பிள்ளைகள் ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்திற் கற்க வழி செய்தது. எங்களிடம் அச்சிட்ட அட்டைகள் இல்லை. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறம் இருந்தது. ஒன்பதாம் நாள் முழுவதும் அம்மா, நான், அக்கா மூவரும் அவற்றை வெட்டினோம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ‘மட்டக்கம்பு’ என்ற அட்டையைக் கையில் எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்து முடித்துவிட்டு, “இதையெல்லாம் கூடவா எழுதுவாங்க?” என்றார். தம் சொல் எழுத்தாகும் என்பதை அவர் அன்றுதான் கண்டார்.

இத்தனைக்கும் நடுவே அலுமாரியில் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. கஷ்டப் பிரதேசத்தில் வேண்டிய காலம் சேவையாற்றியோர் கேட்கக்கூடிய இடமாற்றத்துக்கான படிவம் அது. பதுளை நகரில் ஒரு வகுப்பு, ஒரு பாடம், சுவருள்ள அறை, வாசலில் பஸ். யாரும் அவரைக் குறைகூற முடியாது. ஆனால் அவர் சென்றால் அந்த இடத்துக்கு வேறொருவர் எப்போது வருவார் என்பதை எவரும் அறியார். சென்ற ஆண்டு அவருடைய பழைய மாணவி ஒருத்தி, நன்றாகப் படித்தவள், சாதாரண தரத்தை எட்டுமுன்னரே பாடசாலையை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் மடுவத்தில் நின்ற சிறுமியின் மூத்தவள். இச்செய்தியை அக்கா எனக்கு ஒரேயொரு முறைதான் சொன்னார். இரண்டாம் முறை அதைப் பற்றிக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அப்படிவத்தை அவர் அவ்விடுமுறையில் நிரப்பவில்லை; கிழித்துப் போடவுமில்லை. தியாகம் என்ற பெரிய சொல்லால் ஆசிரியரைக் கட்டிப்போடுதல் முறையன்று. தங்குவதற்கான காரணங்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். அட்டைகளும் கோடும் அத்தேடலின் பகுதியே.

மூன்றாந் தவணை தொடங்கியபின் நான் பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில் விசாரித்தேன். அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. மழை தொடங்கியதும் வழமைபோல் வரவு குறைந்தது. அட்டைகள் சில ஈரத்தில் ஊறிப்போயின. தரம் 4 பிள்ளைகளுக்குத் தரம் 5 பிள்ளைகள் வாசித்துக் காட்டும்போது மண்டபத்தின் இரைச்சல் முன்னிலும் கூடியது. ஆனால் அது வேறு வகை இரைச்சல் என்று அக்கா சொன்னார். தாம் கத்த வேண்டிய நேரம் குறைந்துவிட்டதாம். குரல் கட்டவில்லை. கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறியோர் தொகை பாதியாகக் குறைந்திருந்தது. மடுவத்துச் சிறுமி அப்பிள் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, “இந்த யாவாரி ஏன் டீச்சர் ஈரத்துக்குக் கழிக்கல்ல?” என்று கேட்டாளாம். கேள்வி கேட்கும் பிள்ளை என்ற அளவில் இதுவே அத்தவணையின் பெரிய பேறு என நான் கருதுகிறேன்.

மலையகக் கல்வியைப் பற்றிப் பேசும்போது கட்டடம், ஆளணி, நிதி என்பனவே பெரிதும் பேசப்படுகின்றன. அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. அந்த மண்டபத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் வேண்டும் என்பதை எவர் மறுப்பார்? ஆனால் ஆசிரியரின் ஓய்வும் சிந்தனையும் கல்வியின் மூலவளம் என்பதை நாம் போதிய அளவு உணரவில்லை. விடுமுறை முழுவதையும் கருத்தரங்குகளாலும் படிவங்களாலும் மேலதிக வகுப்புகளாலும் நிரப்பிவிட்டால், விடைத்தாளைத் தவறுகளாகப் பிரித்து அடுக்கும் பொழுது எங்கிருந்து கிடைக்கும்? பதுளைப் பகுதித் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தவரே, அத்தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, பின்னர் தெளிவத்தை ஜோசப் என்று தமிழிலக்கிய உலகம் போற்றும் எழுத்தாளரானார். லயத்து வாழ்க்கையை உற்று நோக்கவும் எண்ணவும் அவ்வாசிரியருக்கு வாய்த்த பொழுதுகளும் அவருடைய இலக்கியத்துக்கு உரமாயிருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

கலைப்பீடத்தில் கற்கும் நம்மிற் பலர் நாளை ஆசிரியராகவே செல்லப் போகிறோம். சிலர் மலைக்கும் செல்வோம். அங்கே நம்மை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைகள் வெறும் பாத்திரங்கள் அல்லர். கழிக்கவும் பெருக்கவும் முன்னரே கற்றவர்கள். அவர்கள் அறிந்ததை அறிய நமக்குச் சற்று நேரம் வேண்டும், நடை வேண்டும், உறங்கி எழுந்த தெளிவும் வேண்டும். இவற்றைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. தொழிலின் உரிமையாகவே கேட்கலாம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது பல்கலைக்கழக நூலகத்திலிருந்து என்ன கொண்டுவர வேண்டும் என்று அக்கா ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். அதன் முதல் வரியில் நூலின் பெயர் எதுவும் இல்லை. “அப்பிள் ஒண்ணு” என்று எழுதியிருக்கிறார், “பிள்ளைகள் நிறுத்துப் பார்க்க.”